சுடும் முன் கேள்: ‘ஸ்டார் டிரெக்’ முதல் சீசன் கற்றுக்கொண்ட பாடம்

1966 செப்டம்பர் 8, வியாழக்கிழமை இரவு 8.30 மணிக்கு, அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் ‘ஸ்டார் டிரெக்’ தொடங்கியது. முதலில் ஒளிபரப்பான எபிசோடின் பெயர் ‘தி மேன் டிராப்’. ஆள் நடமாட்டமற்ற ஒரு கோளில், மனித உடலின் உப்பை உறிஞ்சி வாழும் உயிரி ஒன்று இருக்கிறது. பார்ப்பவர் மனதில் உள்ள உருவத்தை அதனால் எடுத்துக்கொள்ள முடியும். கப்பல் மருத்துவர் மெக்காயின் முன்னாள் காதலியின் உருவில் முதலில் தோன்றும் அது, பிறகு எண்டர்பிரைஸ் விண்கப்பலுக்குள்ளும் புகுந்து ஒவ்வொருவராகக் கொல்கிறது. கடைசியில் கேப்டன் கிர்க்கைக் காப்பாற்ற மெக்காய் அதைச் சுட்டுக் கொல்கிறார். அந்த இனத்தில் எஞ்சியிருந்த கடைசி உயிர் அதுதான். கதை முடியும்போது, வேட்டையாடப்பட்டு அழிவின் விளிம்புக்குப் போன அமெரிக்கக் காட்டெருமைகளை நினைத்துக்கொள்கிறார் கிர்க். துக்கம் இருக்கிறது. ஆனால் சுட்டது சுட்டதுதான்.

அன்று தொடங்கி 1967 ஏப்ரல் 13 வரை 29 எபிசோடுகள் வந்தன. கப்பல், வேற்றுலகம், அடிதடி, ஆபத்து என்று சாகசத் தொடருக்கு வேண்டிய எல்லாம் அவற்றில் உண்டு. ஆனால் அவற்றை வரிசையாகப் பார்ப்பவருக்கு, ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழுவது புலப்படும்: நமக்குப் புரியாத ஒன்றை எதிர்கொள்ளும்போது முதலில் என்ன செய்வது? சுடுவதா, கேட்பதா? இந்தச் சீசன் அதற்கான விடையைக் கையில் வைத்துக்கொண்டு புறப்படவில்லை. வாரந்தோறும் எழுதி, திருத்தி, நடித்து, தவறி, அந்த விடையைத் தேடிக் கண்டடைந்தது. அந்தத் தேடலே அதன் உண்மையான சாதனை என்பது இக்கட்டுரையின் வாதம்.

விதை எங்கிருந்து வந்தது

தொடரை உருவாக்கிய ஜீன் ரோடன்பெரி இரண்டாம் உலகப் போரில் பி-17 குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். பிறகு பான் அமெரிக்கன் நிறுவனத்தில் விமானியாகவும், லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறையிலும் பணியாற்றினார். அங்கிருந்து தொலைக்காட்சி எழுத்துக்கு வந்தார். ‘ஸ்டார் டிரெக்’குக்கு முன் அவர் உருவாக்கிய ‘தி லெப்டினன்ட்’ என்ற படைவீரர் தொடருக்காக, இனப் பாகுபாட்டை நேராகப் பேசும் ஒரு எபிசோட் எடுக்கப்பட்டது. என்.பி.சி. அதை ஒளிபரப்பவில்லை. நிகழ்கால அமெரிக்காவில் வைத்துப் பேச முடியாததை வேறொரு கோளில் வைத்துப் பேசலாம் என்ற எண்ணம் அவருக்குள் உறுதிப்பட்டதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

1964 மார்ச்சில் அவர் எழுதிய 16 பக்கத் திட்டக் குறிப்பு, புதிய தொடரை அன்று புகழ்பெற்றிருந்த ‘வேகன் டிரெய்ன்’ என்ற மேற்கத்தியத் தொடரோடு ஒப்பிட்டது. மாட்டு வண்டிக்குப் பதில் விண்கலம், ஒவ்வொரு வாரமும் புதிய ஊருக்குப் பதில் புதிய உலகம் என்பது அந்த யோசனை. நடிகை லூசில் பால் நடத்திவந்த டெசிலு நிறுவனம் அதை ஏற்றது. சி.பி.எஸ். மறுத்துவிட்டது, அவர்களிடம் ‘லாஸ்ட் இன் ஸ்பேஸ்’ இருந்தது. என்.பி.சி. ஒரு மாதிரி எபிசோட் எடுத்துக் காட்டச் சொன்னது.

1964 இறுதியில் எடுக்கப்பட்ட அந்த முதல் மாதிரிதான் ‘தி கேஜ்’. ஜெஃப்ரி ஹன்டர் கேப்டன் பைக்காக நடித்தார். கப்பலின் இரண்டாம் நிலைத் தலைவராக ஒரு பெண் இருந்தார். அந்த வேடத்தில் மேஜல் பாரெட். மனதுக்குள் மாயத் தோற்றங்களை உண்டாக்கும் வேற்றுலகவாசிகளிடம் பைக் சிறைப்படும் கதை அது. பார்வையாளரின் மூளைக்கு அதிக வேலை கொடுக்கிறது என்று என்.பி.சி. அதை நிராகரித்தது. ஆனால் கதவை அடைத்துவிடவில்லை. வழக்கத்துக்கு மாறாக, இரண்டாவது மாதிரிக்குப் பணம் கொடுத்தது. 1965 ஜூலையில் ‘வேர் நோ மேன் ஹேஸ் கான் பிஃபோர்’ எடுக்கப்பட்டது. வில்லியம் ஷாட்னர் கிர்க்காக வந்தார். முதல் மாதிரியிலிருந்து தொடர்ந்த பாத்திரம் லெனார்ட் நிமோய் நடித்த வேற்றுலகவாசி ஸ்பாக் ஒன்றே. ஸ்பாக்கின் கூர்மையான காதுகள் சாத்தானை நினைவூட்டும் என்று அஞ்சி, விளம்பரக் கையேட்டில் அவற்றை வண்ணம் பூசி மறைத்தது என்.பி.சி. அயலாரைப் பற்றிய ஒரு தொடர், அயலாரைப் போலத் தெரிந்த ஒருவரைக் காட்டவே தயங்கிய சூழலில் பிறந்தது.

பணமும் நாளும் கட்டிய உலகம்

ஒரு எபிசோடுக்கு ஆறு நாள் படப்பிடிப்பு. செலவு ஏறத்தாழ 1,90,000 டாலர். அன்றைய தொலைக்காட்சிக்கு அது சிறிய தொகை அல்ல. ஆனால் வாரம் ஒரு புது உலகம் கட்ட அது போதாது. இந்தத் தொடரின் அடையாளங்களாக இன்று உலகம் அறிந்தவற்றில் பல, அந்தப் போதாமையிலிருந்தே பிறந்தன. கப்பலை ஒவ்வொரு கோளிலும் தரையிறக்கிக் காட்டினால் செலவு கட்டுப்படியாகாது என்பதால் வந்தது, ஆட்களை ஒளித்துகளாக்கி இறக்கும் டிரான்ஸ்போர்ட்டர். ‘தி மேன் டிராப்’ எபிசோடுக்காக வாங்கிய புதுமாதிரி உப்புக் குப்பிகள், உப்புக் குப்பிகளாகவே தெரியாது என்று ஒதுக்கப்பட்டு, மெக்காயின் அறுவைக் கருவிகளாயின.

கலை இயக்குநர் மேட் ஜெஃப்ரிஸ் தாமும் விமானம் ஓட்டத் தெரிந்தவர். எண்டர்பிரைஸ் பார்த்தவுடன் அடையாளம் தெரிய வேண்டும், அதே நேரம் ராக்கெட்டைப் போலவும் பறக்கும் தட்டைப் போலவும் இருக்கக் கூடாது என்பது அவர் முன் வைக்கப்பட்ட தேவை. வட்டத் தட்டும் உருளை உடலும் இரண்டு நீண்ட எஞ்சின்களும் சேர்ந்த அந்த வடிவத்தின் 11 அடி மாதிரி இன்று வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் வான்வெளி அருங்காட்சியகத்தின் சேகரத்தில் இருக்கிறது. வில்லியம் வேர் தீஸ் வடிவமைத்த பளிச்சென்ற வண்ணச் சட்டைகளுக்கும் காலத்தோடு தொடர்புண்டு. என்.பி.சி.யின் தாய் நிறுவனமான ஆர்.சி.ஏ. அப்போது வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை விற்றுக்கொண்டிருந்தது.

கதையின் உலகமும் இப்படித்தான் துண்டு துண்டாகச் சேர்ந்தது. தொடக்க எபிசோடுகளில் கோள்களின் கூட்டமைப்பு என்ற ஒன்றே இல்லை. ‘ஸ்டார்ஃப்ளீட்’ என்ற பெயர் 1967 பிப்ரவரியில் வந்த ‘கோர்ட் மார்ஷல்’ எபிசோடில்தான் நிலைபெறுகிறது. வேற்றுச் சமூகங்களின் வாழ்வில் குறுக்கிடக் கூடாது என்ற முதன்மை விதி அதற்கடுத்த வாரம் ‘தி ரிட்டர்ன் ஆஃப் தி ஆர்கான்ஸ்’ எபிசோடில் முதன்முறையாகப் பேசப்படுகிறது. ஸ்பாக் பிறர் மனதைத் தொட்டறியும் மனத்தொடுகை ‘டாகர் ஆஃப் தி மைண்ட்’டில் அறிமுகமாகிறது. தோளருகே அழுத்தி மயக்கமுறச் செய்யும் பிடி நிமோயே யோசித்தது. ‘தி எனிமி விதின்’ படப்பிடிப்பில் துப்பாக்கியால் அடித்து ஒருவனை வீழ்த்தச் சொன்னபோது, ஸ்பாக் அப்படிச் செய்யமாட்டார் என்று அவர் மாற்று வழி சொன்னார். வன்முறையைக் குறைக்கும் நாட்டம் எழுத்தாளர் மேசையில் மட்டுமல்ல, நடிகரின் உள்ளுணர்விலும் இருந்தது என்பதற்கு இது சான்று.

அச்சத்தின் காலம்

முதல் சில வாரங்களின் கதைகளில் ஆபத்து பெரும்பாலும் அழித்தே தீர்க்கப்படுகிறது. ‘வேர் நோ மேன்…’ எபிசோடில், கடவுளுக்கு நிகரான ஆற்றல் பெற்றுவிட்ட தன் நண்பன் கேரி மிட்செலைக் கிர்க் கொல்ல நேர்கிறது. அதற்கு முந்தைய வாரம் வந்த ‘சார்லி எக்ஸ்’ கதையில், கட்டுக்கடங்காத சக்தி பெற்ற பதினேழு வயதுப் பையனை யாராலும் காப்பாற்ற முடியவில்லை. ‘தி எனிமி விதின்’ எபிசோடை எழுதியவர் ரிச்சர்ட் மாதிசன். கிர்க்கையே இரண்டாகப் பிளந்து, ஆபத்து வெளியில் மட்டும் இல்லை என்று காட்டினார் அவர்.

ஆனால் இந்தப் பரிணாமத்தை நேர்கோடாக வரைந்துவிட முடியாது. மாதிரிகளுக்குப் பிறகு முதலில் படமாக்கப்பட்ட எபிசோட் ‘தி கார்போமைட் மனூவர்’. அதில் பயங்கர முகம் காட்டி மிரட்டும் பகைவன், உண்மையில் துணைக்கு ஏங்கும் சிறு உருவமாக வெளிப்படுகிறான். கிர்க் அவனை அழிக்கவில்லை. ஆபத்தில் மாட்டிய அவனுக்கு உதவவே அவன் கப்பலுக்குப் போகிறார். ஆக, கேட்கும் மனம் தொடக்கத்திலேயே இருந்தது. சிறப்புக் காட்சிகளுக்கு நாளானதால் அது நவம்பர் 10 அன்றுதான் ஒளிபரப்பானது. வேற்றுலகமும் அரக்கனும் இருந்ததால் ‘தி மேன் டிராப்’பை முதலில் வைத்தது என்.பி.சி. படைத்தவர்கள் விரும்பிய தொடருக்கும் வணிகம் கேட்ட தொடருக்கும் இடையிலான இழுபறி ஒளிபரப்பு வரிசையிலேயே பதிவாகியிருக்கிறது.

டிசம்பர் 15 அன்று வந்த ‘பேலன்ஸ் ஆஃப் டெரர்’ இந்த இழுபறியை முதிர்ச்சியோடு கையாள்கிறது. பால் ஷ்னைடர் எழுதிய இக்கதை நீர்மூழ்கிப் போர்ப் படங்களின் சாயலில் அமைந்தது. நூறாண்டுக்கு முன் பூமியோடு போரிட்ட ரோமுலன்களின் முகத்தை யாருமே பார்த்ததில்லை. திரையில் அந்த முகம் தெரியும்போது அது ஸ்பாக்கின் முகம் போலவே இருக்கிறது. அந்தப் போரில் உறவினரை இழந்த ஸ்டைல்ஸ் என்ற அதிகாரி, உடனே ஸ்பாக்கை ஒற்றனாகப் பார்க்கத் தொடங்குகிறான். இந்தக் காட்சியின் கனம் புரிய, அதே மேடையில் நின்ற ஒரு நடிகரை நினைக்க வேண்டும். கப்பல் அதிகாரி சூலுவாக நடித்த ஜார்ஜ் டகேய், ஜப்பானிய வம்சாவளியினர் என்ற ஒரே காரணத்துக்காக, சிறுவனாகக் குடும்பத்தோடு அமெரிக்க முகாம்களில் அடைத்து வைக்கப்பட்டவர். முகச் சாயலை வைத்து விசுவாசத்தை அளப்பது அவர் நாட்டில் அரசாணையாகவே இருந்த காலம் ஒன்று உண்டு. மார்க் லெனார்ட் நடித்த ரோமுலன் தளபதி, போரால் களைத்த கண்ணியவான். தோற்றபின் தன் கப்பலைத் தானே அழித்துக்கொள்கிறார். எதிரி இறப்பதைப் பார்த்து மகிழ இந்த எபிசோட் இடம் தரவில்லை.

ஜீன் கூன் தந்த திருப்பம்

சீசன் ஓடிக்கொண்டிருந்தபோதே தயாரிப்பாளர் பொறுப்பை ஏற்றவர் ஜீன் எல். கூன். முன்னாள் கடற்படைக் காலாட்படை வீரர், வேகமாக எழுதக்கூடியவர். ரோடன்பெரியின் கனவுக்கு அறத் தெளிவைக் கொடுத்ததில் இவருக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் அவர் பெயர் இன்னும் போதிய அளவு பேசப்படவில்லை.

1967 ஜனவரி 19 அன்று வந்த ‘அரீனா’ அவர் எழுதியது. கதைக்கரு ஃப்ரெட்ரிக் பிரவுன் 1944-இல் வெளியிட்ட சிறுகதையோடு ஒத்திருந்ததால் அவருக்கும் பெயர் தரப்பட்டது. எல்லைப்புறக் குடியிருப்பு ஒன்றை அழித்த கோர்ன் என்ற பல்லி உருவ இனத்தைப் பழிவாங்கத் துரத்துகிறார் கிர்க். இன்னும் உயர்ந்த ஆற்றல் கொண்ட மெட்ரான்கள் இரு தலைவர்களையும் ஒரு பாறைநிலத்தில் தனியாக மோத விடுகிறார்கள். துரத்தலின் நடுவே ஒரு ஐயம் எழுகிறது: அந்த இடம் கோர்ன்களுடையதாக இருந்தால், அத்துமீறியவர்கள் நாம்தானே? மூங்கிலும் கந்தகமும் கரியும் கொண்டு செய்த துப்பாக்கியால் எதிரியை வீழ்த்திய கிர்க், கொல்லும் தருணத்தில் கையை நிறுத்திக்கொள்கிறார்.

மார்ச் 9 அன்று வந்த ‘தி டெவில் இன் தி டார்க்’ இதைவிட ஒரு படி மேலே போகிறது. ஜேனஸ் கோளின் சுரங்கத்தில் ஹோர்டா என்ற உயிரி தொழிலாளர்களைக் கொன்றுகொண்டிருக்கிறது. கரிமத்துக்குப் பதில் சிலிக்கானால் ஆன உயிர் அது. பாறையைக் கரைத்து வழி செய்துகொண்டு போகும். தொடக்கத்தில் ஸ்பாக் அதை உயிரோடு பிடிக்க வேண்டும் என்கிறார். கிர்க் கொல்லச் சொல்கிறார். ஆனால் கிர்க் அதை நேருக்கு நேர் சந்திக்கும்போது நிலை தலைகீழாகிறது. தோழனுக்கு ஆபத்து என்றதும் ஸ்பாக் சுடச் சொல்கிறார். காயம்பட்டுத் தன் முன் நிற்கும் உயிரைப் பார்த்த கிர்க்கோ சுட மறுக்கிறார். மனத்தொடுகையின் மூலம் ஸ்பாக் அறிவது இது: தொழிலாளர்கள் பயனற்ற கல்லுருண்டைகள் என்று உடைத்தெறிந்தவை அந்தத் தாயின் முட்டைகள். குஞ்சுகளைக் காக்கவே அது கொன்றது.

பிறகு அந்தக் காயத்துக்கு மருத்துவம் பார்க்க அழைக்கப்படுகிறார் மெக்காய். தான் மருத்துவனே தவிர கொத்தன் அல்ல என்று எரிச்சலோடு தொடங்கியவர், கட்டடப் பூச்சுக் கலவையால் அந்தப் பாறை உடம்பைச் சீராக்கி, தன் திறமையைக் கண்டு தானே வியந்து நிற்கிறார். செப்டம்பரில் சுட்ட அதே கைதான் மார்ச்சில் மருந்திடுகிறது. இரண்டு எபிசோடுகளிலும் உயிரி கொலை செய்கிறது. இரண்டிலும் அதன் நியாயம் வாழ வேண்டிய தேவைதான். முந்தியதில் அந்த நியாயம் ஒரு வருத்தக் குறிப்பாக நின்றுபோனது. பிந்தியதில் அது கதையின் மையமாகிறது. சுரங்கத் தொழிலாளர்களும் ஹோர்டாவும் சேர்ந்து வாழ ஒப்பந்தம் செய்துகொள்வதோடு எபிசோட் முடிகிறது. மன்னிப்போடு நிற்காமல், இருதரப்பும் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாட்டைக் காட்டியதுதான் கூனின் தெளிவு.

போரைப் பற்றிய மூன்று கதைகள்

வியட்நாமில் அமெரிக்கப் படைகள் பெருகிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. 1967 ஜனவரி 27 அன்று விண்வெளி ஒப்பந்தம் கையெழுத்துக்குத் திறக்கப்பட்டது; அதே நாளில் அப்போலோ 1 கலத்தில் பற்றிய தீயில் மூன்று விண்வெளி வீரர்கள் இறந்தனர். இந்தப் பின்னணியில் மூன்று எபிசோடுகள் போரை நேராகப் பார்த்தன.

‘எ டேஸ்ட் ஆஃப் ஆர்மகெடான்’ கதையில் இரு கோள்கள் 500 ஆண்டுகளாகக் கணினியில் போரிடுகின்றன. குண்டு விழுவதில்லை, கட்டடம் இடிவதில்லை. கணினி இறந்ததாகக் கணக்கிடும் மக்கள் தாங்களே அழிப்பு அறைக்குள் போய்ச் சாக வேண்டும். போரின் கொடூரத்தை அகற்றியதால்தான் போர் முடியவே இல்லை என்று சொல்லி, கிர்க் கணினியை உடைக்கிறார். கொல்லும் இயல்பு நம்மிடம் இருந்தாலும் இன்று கொல்வதில்லை என்று முடிவெடுக்க முடியும் என்பது அவர் அங்கே வைக்கும் வாதம். மனிதர் நல்லவராகிவிட்டார் என்று அது சொல்லவில்லை. நாள்தோறும் எடுக்க வேண்டிய முடிவாக நன்மையைப் பார்க்கிறது.

‘எர்ரண்ட் ஆஃப் மெர்ஸி’யில் கூட்டமைப்பின் பகைவர்களான கிளிங்கான்கள் முதன்முறையாக வருகிறார்கள். ஜான் கோலிகோஸ் நடித்த கோர் என்ற தளபதியும் கிர்க்கும் ஆர்கானியா கோளுக்காக மோத நிற்கிறார்கள். கோழைகளாகத் தோன்றிய ஆர்கானியர்கள், உண்மையில் இருதரப்பு ஆயுதங்களையும் செயலிழக்கச் செய்யும் பேராற்றல் கொண்டவர்கள். போரிடும் உரிமையைப் பறிக்க நீங்கள் யார் என்று கொதிக்கும் கிர்க், தான் எதற்காக வாதாடுகிறோம் என்று அடுத்த கணமே உணர்ந்து நாணுகிறார். அமெரிக்கத் தொலைக்காட்சியின் நாயகன் ஒருவன், போர் நடந்துகொண்டிருக்கும்போதே தன் தரப்பின் போர்வெறியைப் பார்த்து நாணியது துணிச்சலான எழுத்து.

மூன்றாவது, ஏப்ரல் 6 அன்று வந்த ‘தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்’. ஹார்லன் எல்லிசன் எழுதி, வேறு பலர் திருத்தியது. அந்தத் திருத்தங்களை எல்லிசன் வாழ்நாள் முழுதும் ஏற்கவில்லை. காலத்தில் பின்னோக்கிச் சென்ற கிர்க், 1930-இன் நியூயார்க்கில் ஏழைகளுக்கு உணவிடும் ஈடித் கீலரைக் காதலிக்கிறார். அவள் உயிரோடு இருந்தால் அவளுடைய அமைதி இயக்கம் அமெரிக்கா போரில் இறங்குவதைத் தாமதப்படுத்தும், நாஜிகள் வெல்வார்கள். எனவே அவள் சாவதைக் கிர்க் தடுக்கக் கூடாது. காலமறியாமல் வந்த அமைதி ஆபத்தாகலாம் என்ற இந்தக் கதை, முந்தைய இரண்டின் நிலைப்பாட்டோடு ஒட்டாமல் நிற்கிறது. என் பார்வையில் இந்த ஒட்டாமை சீசனுக்கு வலிமை. ஒரு கொள்கையைப் பிரசாரம் செய்பவர்கள் இந்தக் கதையை எழுதியிருக்கமாட்டார்கள். 1968-இல் ஹியூகோ விருதும் இதற்குக் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு அதே விருதைப் பெற்றது, நிராகரிக்கப்பட்ட ‘தி கேஜ்’ காட்சிகளைப் புதுக்கதைக்குள் பொதித்து உருவாக்கிய ‘தி மெனேஜரி’.

எட்டாத இடங்கள்

அயலாருக்குக் கொடுத்த மரியாதையை இந்தச் சீசன் பெண்களுக்குக் கொடுக்கத் தவறியது. ‘தி கேஜ்’ எபிசோடில் இருந்த பெண் அதிகாரி நீக்கப்பட்டார். பெண் தலைமையை என்.பி.சி. விரும்பவில்லை என்றார் ரோடன்பெரி. டெசிலு நிர்வாகியாக இருந்த ஹெர்பர்ட் சோலோவோ, எதிர்ப்பு அந்த நடிகையின் தேர்வு குறித்தே எழுந்தது என்று பிறகு எழுதினார். எது உண்மையானாலும் விளைவு ஒன்றுதான்: பாரெட் செவிலியாகத் திரும்பி வந்தார். ‘மட்ஸ் விமன்’ பெண்களைச் சரக்காகக் கப்பலேற்றும் கதை. ‘தி எனிமி விதின்’ எபிசோடில் ரேண்ட் என்ற இளம் பணியாளர் தாக்கப்படுகிறார். முடிவில் அதை ஸ்பாக் லேசான பேச்சாக்குவது இன்று பார்க்கக் கூசுகிறது. ரேண்டாக நடித்த கிரேஸ் லீ விட்னி சீசனின் நடுவிலேயே தொடரிலிருந்து நீக்கப்பட்டார்.

நிஷெல் நிக்கல்ஸ் நடித்த உஹுரா, கப்பலின் தளத்தில் அதிகாரியாக அமர்ந்த கறுப்பினப் பெண். அவருக்கு எழுதப்பட்ட வசனங்கள் குறைவு. முதல் சீசன் முடிந்ததும் விலக நினைத்ததாகவும், மார்ட்டின் லூதர் கிங் தன்னைச் சந்தித்து நீடிக்கச் சொன்னதாகவும் அவர் பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்தார். அவரைப் பார்த்து வளர்ந்த மே ஜெமிசன் 1992-இல் விண்வெளிக்குச் சென்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்ணானார். எழுத்து தராததை அவர் அங்கே இருந்ததே தந்தது.

‘ஸ்பேஸ் சீட்’ எபிசோடில் வரும் கான் நூனியன் சிங், வட இந்தியர், பெரும்பாலும் சீக்கியர் என்று சொல்லப்படுகிறார். நடித்தவர் மெக்சிகோவில் பிறந்த ரிகார்டோ மொன்டால்பன், நிறம் கூட்டிய ஒப்பனையோடு. கம்பீரமான நடிப்பு அது. ஆயினும் ஒரு இந்தியர் இந்தியராக அந்தக் கப்பலில் ஏறவில்லை. ‘தி ரிட்டர்ன் ஆஃப் தி ஆர்கான்ஸ்’ எபிசோடிலோ, குறுக்கிடக் கூடாது என்ற விதி அறிவிக்கப்படும் கதையிலேயே கிர்க் அதை ஒதுக்கிவைத்து ஒரு சமூகத்தை ஆளும் கணினியை அழிக்கிறார். மற்றவர்க்கு எது விடுதலை என்று தானே தீர்மானிக்கும் வல்லரசின் மனம் அங்கே கேள்விக்கு உட்படவே இல்லை.

மதிப்பீடு

அந்நாளில் பார்வையாளர் எண்ணிக்கை பெரிதாக இல்லை. மூன்று சீசன், 79 எபிசோடுகளுக்குப் பின் 1969 ஜூனில் தொடர் முடிந்தது. அடுத்த மாதம் மனிதன் நிலவில் கால் வைத்தான். உள்ளூர் நிலையங்களின் மறுஒளிபரப்பில்தான் புதிய தலைமுறை அதைக் கண்டெடுத்தது. 1976-இல் நாசாவின் முதல் விண்ணோடத்துக்கு எண்டர்பிரைஸ் என்று பெயரிடும் அளவுக்கு அந்த அன்பு வளர்ந்தது.

அதன் பின் வந்த விண்வெளித் தொடர்களில் காட்சிகள் நுட்பமானவை, அறிவியல் துல்லியமானது, பாத்திரங்கள் ஆழமானவை. அவற்றோடு வைத்தால் இந்த முதல் சீசனின் அட்டைப் பாறைகளும் ரப்பர் முகமூடிகளும் எளிதில் தெரிந்துவிடும். ஆயினும் இதை வெறும் முன்னோடியாக வணங்கி ஒதுக்குவது சரியல்ல. ஒரு படைப்புக் குழு தன் அச்சங்களை வாரந்தோறும் பொதுவெளியில் வைத்து, ஆறே மாதத்தில் அவற்றைத் திருத்திக்கொண்டதை இதில் கண்ணால் காணலாம். திருத்தம் பாதியில் நின்ற இடங்களும் அப்படியே தெரிகின்றன. பெண்களின் விஷயத்திலும், தன் நாட்டின் அதிகாரத்தைப் பற்றியும் அந்தக் குழு கேட்காமல் விட்ட கேள்விகளை, அவர்கள் ஹோர்டாவிடம் கேட்ட அதே நேர்மையோடு பின்வந்தவர்கள் கேட்க முடிந்தது. கேட்கும் முறையை இந்த 29 எபிசோடுகள் வகுத்துக் கொடுத்திருந்தன. அதனால் இவற்றின் குறைகளைச் சொல்வதும் இவற்றிடமிருந்து கற்றதைக் கொண்டுதான்.